ஐந்து முறை பார்த்தேன்

அந்தப் படம் எனக்கு இன்னும் மனப்பாடம். பாப்பா ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். வலது கை கன்னத்துக்கு அடியில். இடது கை விரல்கள் கட்டில் கம்பியைத் தொட்டபடி. இரவுக் கேமராவின் சாம்பல் நிறத்தில் அவள் நெற்றி மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. மேல் மூலையில் சின்ன வெள்ளை எழுத்தில் நேரம், 1:52. அன்றிரவு அந்தப் படத்தை ஐந்து முறை பார்த்தேன். ஐந்து முறையும் நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப என் வேலையில் மூழ்கினேன்.

அப்போது அவளுக்கு எட்டு மாதம். தனி அறையில் தூங்க வைக்க ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்ததால் இரவை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். மூன்று மணி வரை என் பொறுப்பு, அதற்கப்புறம் அவளுடையது. நான் வீட்டின் மறுகோடி அறையில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்ப்பேன். நடுவில் இரண்டு கதவுகள். மின்விசிறிச் சத்தம் வேறு. அதனால்தான் பேபி மானிட்டர், பாப்பாவின் அறையில் இருக்கும் கேமராவின் படத்தையும் சத்தத்தையும் என் செல்போனுக்கு அனுப்பும் கருவி. மடிக்கணினிக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டால், நிமிர்ந்தால் பாப்பா, குனிந்தால் வேலை.

தண்ணீர் குடிக்க எழுந்து கதவைத் திறந்தபோது மணி 2:31. அழுகை என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன பிறகு மிஞ்சும் சத்தம். ஓடினேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவள் கால் முழங்காலுக்கு மேல் வரை போய்ச் சிக்கியிருந்தது. இழுத்து இழுத்துப் பார்த்துக் களைத்துப்போய் அப்படியே மல்லாந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும் உடனே அழவில்லை. கீழுதடு மட்டும் துடித்தது. காலை மெதுவாகத் திருப்பி வெளியே எடுத்துத் தோளில் போட்ட பிறகுதான் வீறிட்டாள். தொடையில் வளையம் போட்ட மாதிரி சிவப்புத் தடம். முதுகெல்லாம் வேர்வை.

ஓடி வரும்போது செல்போனை ஏன் கையில் எடுத்தேன் என்று தெரியவில்லை. அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே தற்செயலாக அதைப் பார்த்தேன். திரையில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை கன்னத்துக்கு அடியில். தோளில் ஒருத்தி விம்மிக்கொண்டிருக்கிறாள், கையில் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாள். சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்தாள்.

“ஏங்க, மானிட்டர் சத்தமே போடலையா?”

“தூங்கிட்டுதாம்மா இருந்தா. இப்பகூடப் பாரு.”

போனை வாங்கிப் பார்த்தாள். சில நொடி ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மணியைப் பாருங்க” என்றாள்.

1:52.

கால் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மருத்துவரிடம் காட்டினோம், அசைத்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றார். தடம் இரண்டு நாளில் மறைந்தது. பாப்பாவுக்கு அது நினைவில் இருக்கப் போவதில்லை. எனக்குத்தான் இது ஆறவே இல்லை. நான் கவனிக்காமல் இருந்திருந்தால்கூட மனசு ஒருவிதமாகச் சமாதானம் ஆகியிருக்கும். நான் கவனித்தேன். அவள் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஐந்து முறை அவளைப் பார்த்தேன்.

எந்த இடத்தில் அறுந்தது

மறுநாள் முழுக்க அதையே நோண்டினேன். நடந்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். வைஃபை ரவுட்டர் நடுராத்திரியில் தன் மென்பொருளைத் தானே புதுப்பித்துக்கொண்டு ஒருமுறை அணைந்து எழுந்திருக்கிறது. மூன்று நிமிடத்தில் இணையம் திரும்பிவிட்டது, என் மடிக்கணினியும் தானாகவே ஒட்டிக்கொண்டது, அதனால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. கேமரா மட்டும் திரும்பச் சேரவில்லை. கேமராவிலிருந்து எதுவும் வராத நிலையில், ஆப் கடைசியாக வந்த படத்தை அப்படியே திரையில் பிடித்து வைத்துக்கொண்டது. ‘இணைப்பு இல்லை’ என்ற இரண்டு வார்த்தை போட்டிருக்கலாம். படத்தைக் கறுப்பாக்கியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியபோது, “சார், எங்க கேமராவில் பிரச்னை இல்லை, உங்க நெட் கனெக்‌ஷன்தான் போயிருக்கு” என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். அந்த உண்மையை ராத்திரி 1:52க்குச் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஆப்.

அந்த மானிட்டரைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் செலவழித்திருந்தேன். படம் எவ்வளவு துல்லியம், கேமரா திரும்புமா, பெரிதாக்கிப் பார்க்கலாமா, அறை வெப்பம் காட்டுமா, தாலாட்டு பாடுமா, எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று வரைபடம் போட்டுத் தருமா. எல்லாம் பார்த்தேன். இவை அத்தனையும் அந்தப் பொருள் ஒழுங்காக வேலை செய்யும்போது என்ன தரும் என்ற கேள்விகள். இது வேலை செய்யாமல் போகும் அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கடையில் கேட்கவில்லை, வாங்கியவர்களிடம் கேட்கவில்லை, எனக்குள்ளும் கேட்டுக்கொள்ளவில்லை.

மிக்ஸியோ தொலைக்காட்சியோ கெட்டுப்போனால் கெட்டுப்போனது தெரியும், ஓடாது, அவ்வளவுதான். மானிட்டர் அப்படியில்லை. ஒழுங்காக ஓடும்போதும் பெரும்பாலான நேரம் அது சும்மாதான் இருக்கும். குழந்தை தூங்கினாலும் சத்தம் இருக்காது, கருவி செத்துப்போனாலும் சத்தம் இருக்காது. இந்த இரண்டு அமைதியையும் வேறுபடுத்திக் காட்டாத கருவியில் மற்ற எந்த வசதி இருந்தும் என்ன பயன்?

இரைச்சல் இருந்த காலம்

அக்கா வீட்டில் பல வருடம் முன்பு ஒரு பழைய மானிட்டர் இருந்தது. படம் கிடையாது, ஒலி மட்டும். அதை ‘ஆன்’ செய்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஒரு ராத்திரி அங்கே தங்கியபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. “இதை எப்படிக்கா பக்கத்துல வெச்சுத் தூங்குற?” என்று கேட்டேன். “அது நின்னாதாண்டா முழிச்சுக்குவேன்” என்றாள். அன்றைக்குப் பேச்சோடு பேச்சாகப் போய்விட்டது. இப்போது அந்த ஒரு வரி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த இரைச்சல்தான் கருவி உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி. மின்சாரம் போனாலும், பேட்டரி தீர்ந்தாலும் இரைச்சல் நிற்கும். நின்றால் அவள் எழுந்துவிடுவாள். டிஜிட்டலுக்கு மாறியபோது, தொல்லை என்று சொல்லி அந்த இரைச்சலைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். கூடவே அது சொல்லிக்கொண்டிருந்த சேதியும் போய்விட்டது.

வீட்டுக்குள் குழந்தையின் ஒலியைக் கடத்தும் கருவிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1932-இல் விமானி சார்லஸ் லிண்ட்பர்கின் கைக்குழந்தை கடத்தப்பட்ட செய்தி அமெரிக்காவையே உலுக்கியது. அந்தப் பயத்தின் பின்னணியில் ஜெனித் ரேடியோ நிறுவனத்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்ட் ஒரு கருவிக்கு ஏற்பாடு செய்ய, 1937-இல் ‘ரேடியோ நர்ஸ்’ வந்தது. அதை வடிவமைத்தவர் இசாமு நொகுச்சி என்ற சிற்பி. பேக்கலைட்டில் செய்த அந்தப் பெட்டி, முகமூடி போட்ட ஒரு தலை மாதிரி இருக்கும். குழந்தையின் அறையில் வைக்கும் பெட்டிக்கு ‘கார்டியன் இயர்’ என்று பெயர், காவல் காது. வீட்டு மின்கம்பி வழியாகவே ஒலி போகும். அந்தக் கம்பியில் வேறு ஒலிபரப்புகளும் புகுந்து குழப்பியதாகச் சொல்கிறார்கள். விற்பனை சூடுபிடிக்கவில்லை, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. தேவையில்லாததையும் கொண்டுவந்து கொட்டியது அந்தக் கருவியின் குறை. தேவையானது நின்றுபோனதையே சொல்லாமல் மறைத்தது என் கருவியின் குறை. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் முதலாவதைத்தான் எடுப்பேன்.

இதற்கு விடை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றுகூட இல்லை. ரயில்வேயில் அந்த விடை 1872-இலேயே இருக்கிறது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அந்த வருடம் காப்புரிமை வாங்கிய தடச்சுற்று முறையில், தண்டவாளத்தின் வழியாக எப்போதும் ஒரு மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மின்சாரம்தான் ‘வழி காலி’ என்ற நிலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும், சிக்னல் சிவப்புக்கு விழும். இதில் அழகு என்னவென்றால், பேட்டரி செத்தாலும் கம்பி அறுந்தாலும் தண்டவாளமே உடைந்தாலும் அதே மின்சாரம் நிற்கும், அதே சிவப்பு விழும். அறுந்தால் சிவப்பு. ‘எல்லாம் சரி’ என்பதை ஒவ்வொரு நொடியும் யாராவது தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கை விட்டால் அபாயம் என்றுதான் பொருள். என் செல்போன் நேர்மாறாகச் செய்தது. யாருமே தாங்காத ‘எல்லாம் சரி’யை முப்பத்தொன்பது நிமிடம் காட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது மானிட்டர்

அடுத்ததை வாங்கப் போனபோது என் கையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பெட்டியில் அச்சடித்திருந்த எதையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் படித்தேன். அப்படிப் படித்தால் சந்தை சட்டென்று சின்னதாகிவிடுகிறது.

முதல் பிரிவு, இணையம் வழியாகப் போகிறதா, நேராகப் போகிறதா என்பது. வைஃபை கேமராவில் பாப்பாவின் அறையிலிருந்து கிளம்பும் படம் ரவுட்டருக்குப் போய், பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சர்வரையும் தொட்டுவிட்டு, மறுபடி என் ரவுட்டர் வழியாக என் செல்போனுக்கு வருகிறது. பக்கத்து அறைக்கு வர இவ்வளவு சுற்று. வழியில் எங்கே அறுந்தாலும் அறுந்ததுதான். அதோடு செல்போன் என்பது ஆயிரம் வேலை பார்க்கும் கருவி. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். ‘தொந்தரவு செய்யாதே’ போட்டிருந்தால் நோட்டிஃபிகேஷன் மௌனமாகிவிடும். அழைப்பு வந்தால் ஒலி அங்கே போய்விடும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய முடியும், ஆனால் அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் எது மாறும் என்று யாரும் சொல்லிவிட்டு மாற்றுவதில்லை.

நேராகப் பேசும் மானிட்டர்களில் இரண்டு பெட்டிகள், குழந்தை பக்கம் ஒன்று, நம் பக்கம் ஒன்று. நடுவில் இணையமே கிடையாது. ஒலி மட்டும் கடத்துபவற்றில் பல, கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளுக்காக உருவான டெக்ட் என்ற முறையில் இயங்குகின்றன. 1.9 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இதற்கென்று ஒதுக்கிய அலைவரிசை இருப்பதால் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் முட்டி மோதிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல் இதற்கு இல்லை. படமும் காட்டுபவற்றில் பல அந்த 2.4-லேயே இருந்தாலும், அலைவரிசையை நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே போய் நெரிசலைச் சமாளிக்கின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த இரண்டு பெட்டிகளும் எதுவும் பேசாதபோதும் இடைவிடாமல் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. ‘இருக்கியா?’ ‘இருக்கேன்.’ பதில் வராமல் போனால் நம் பக்கத்துப் பெட்டி கத்தும். அக்காவின் பழைய இரைச்சல் செய்த வேலையை இந்த விசாரிப்பு செய்கிறது, காதுக்குத் தொல்லையில்லாமல்.

எல்லாவற்றிலும் இது ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரத்தையும் அலைவீச்சையும் குறைக்கிறோம் என்று சில மானிட்டர்களில் ஒரு சிக்கன நிலை இருக்கும். அதைப் போட்டால், அமைதியாக இருக்கும்போது இந்த விசாரிப்பே குறையலாம், எச்சரிக்கை தாமதமாகலாம். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் அந்த நிலையைப் போடாதீர்கள். சத்தம் வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் வசதியும் அப்படித்தான். திரை அணைந்திருக்கும் நேரத்தில் இணைப்பு இருப்பதைச் சொல்ல ஒரு சின்ன விளக்காவது எரிய வேண்டும். எரியாதென்றால் அந்த வசதியை நான் தொட மாட்டேன்.

நாங்கள் வாங்கியது ஒலி மானிட்டர். படம் வேண்டாமா என்று மனைவி கேட்டாள். எனக்கு அப்போது படம் என்றாலே பயமாக இருந்தது. படத்தைப் பார்த்தால் மனசு நம்பிவிடுகிறது. கண்ணால் பார்த்துவிட்டோம் என்ற திருப்தி அவ்வளவு வலுவானது. படம் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திரையில் நொடி ஓடும் கடிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் அதையும் பாருங்கள்.

பெட்டியைப் பிரித்த அன்று

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதைக் கெடுத்துப் பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலையாக இருந்தது. பாப்பாவின் அறையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தேன். கட்டிடங்களுக்குள் ஐம்பது மீட்டர், வெட்டவெளியில் முந்நூறு மீட்டர் என்பது டெக்ட் கருவிகளுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கு போட்டவருக்கு என் வீட்டுச் சுவர்களைத் தெரியாது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் விளக்கு சிவப்பானது, கொஞ்ச நேரத்தில் கத்தியது. அந்த இடம் சரிப்படாது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதே போதும்.

பிறகு மனைவி அங்கே போய்ப் பாப்பாவின் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். நான் இங்கே எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு எண்ணும்போது கத்தியது. சத்த அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பிடுங்கச் சொன்னேன். சத்தத்தை அடக்கியிருந்தாலும் இணைப்பு போன எச்சரிக்கையை அது அடக்கவில்லை. அந்த நொடியில்தான் எனக்கு அந்தப் பெட்டி மேல் நம்பிக்கை வந்தது. நம் பக்கத்துப் பெட்டியின் பேட்டரி தீரும்வரை விட்டும் பார்த்தோம். தீர்வதற்கு நல்ல முன்னதாகவே கூப்பிட ஆரம்பித்தது. அதையும் கவனிக்காமல் விட்டபோது கடைசியில் ஒன்றும் சொல்லாமல் அணைந்துபோனது. செத்த பெட்டியால் கத்த முடியாதே. அதற்கு மருந்து கருவியில் கிடையாது, ராத்திரியில் அதைச் சார்ஜரில் செருகியே வைப்பதுதான்.

செருகுவது என்றதும் இன்னொன்று. கேமராவோ ஒலிப்பெட்டியோ, குழந்தை பக்கம் இருப்பதன் மின்கம்பி கட்டிலிலிருந்து மூன்றடிக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். முன்பு நான் கேமராவைக் கட்டில் கம்பியிலேயே மாட்டியிருந்தேன், படம் நன்றாகத் தெரியும் என்று. மின்கம்பி கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2011-இல் அமெரிக்காவில் இந்த ஆபத்துக்காகவே சுமார் 17 லட்சம் வீடியோ மானிட்டர்கள் மீது திரும்பப்பெறும் நடவடிக்கை எடுத்து, புது எச்சரிக்கை ஒட்டு கொடுத்தார்கள். மூன்று மாதக் குழந்தைக்கு எட்டாத கம்பி எட்டு மாதக் குழந்தைக்கு எட்டும். படம் சின்னதாகத் தெரிந்தால் தெரியட்டும்.

மூச்சை எண்ணும் கருவிகள்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மனைவி இரண்டு நாள் ஒரு யோசனையிலேயே இருந்தாள். “ஏங்க, காலுறை மாதிரி மாட்டிவிடுற மானிட்டர் இருக்காமே. மூச்சு, ஆக்ஸிஜன் எல்லாம் பார்க்குமாம். அதையே வாங்கிடலாமா?” என்றாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது, என் பயமும் அதேதான். ஆனால் இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். இது சும்மா இருந்தால் என்ன அர்த்தம்? 2018-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில் பெற்றோருக்கென்று கடையில் விற்கும் இத்தகைய இரண்டு கருவிகளை மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் ஒன்று, ஆக்ஸிஜன் குறைந்த தருணங்களில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. படித்ததும் எனக்கு 1:52தான் நினைவுக்கு வந்தது. இன்னொன்று கண்டுபிடித்தது, ஆனால் ஒரே சீராக இல்லை.

தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்க வீட்டு மானிட்டர்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி தன் 2022 பரிந்துரையிலும் சொல்கிறது. அந்த மரணங்களைக் குறைத்தது எந்தக் கருவியும் இல்லை. குழந்தையை மல்லாந்து படுக்க வைக்கச் சொல்லி 1994-இல் அங்கே பெரிய பிரசாரம் தொடங்கியதற்குப் பின் அவை பாதிக்கு மேல் குறைந்தன. கெட்டியான மெத்தை, கட்டிலில் தலையணையோ போர்வையோ பொம்மையோ இல்லாமை, குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோர் இருக்கும் அதே அறையில் தனிப் படுக்கை. இவ்வளவுதான். குறைப்பிரசவத்தில் பிறந்த, அல்லது நோயுள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லி மாட்டும் கருவி வேறு சங்கதி. அதை மருத்துவரே சொல்வார். ஆறு மாதம் ஒரே அறையில் என்றால், அதுவரை இரவுக்கு மானிட்டரே பெரிதாகத் தேவைப்படாது என்பதையும் கவனியுங்கள். நாங்கள் இரண்டாவது மாதமே வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் படுத்திருந்த குழந்தையைச் செல்போனிலும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது வீண் பதற்றம்.

அளவுக்கு மீறிக் கேட்பதிலும் ஆபத்து உண்டு. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, உடலும் முகமும் அசைந்துகொண்டே இருக்கும் தூக்கம். முனகும், உறுமும், சிணுங்கும், கண்ணைக்கூடத் திறக்கும், ஆனால் முழித்திருக்காது. மூச்சும் சில நொடி நின்று நின்று வரும். அதெல்லாம் இயல்பு. மானிட்டரின் உணர்திறனை உச்சத்தில் வைத்தால் ஒவ்வொரு முனகலும் நம் தலைமாட்டில் வந்து விழும். ஓடிப்போய்த் தூக்குவோம், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நாமே எழுப்பிவிடுவோம். உணர்திறனைக் குறைக்க முடிந்த மானிட்டராகப் பாருங்கள். சில நாளில் முனகலுக்கும் அழுகைக்கும் வித்தியாசம் நம் காதுக்கே பிடிபட்டுவிடும்.

வேறொருவர் கண்

இணையத்தில் இணையும் கேமராவைத்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை சில வீடுகளில் இருக்கும். வேலைக்குப் போன இடத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கலாம், தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டிக்குக் காட்ட வேண்டியிருக்கலாம். அவர்களுக்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் ஒரு நாள்கூட அதை ஓட விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டு மாறாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே இணையத்தின் பெரிய தளங்களை முடக்கியது. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்கள் பலருக்கும் எதுவும் தெரியவில்லை. அங்கேயும் அதே அமைதி. எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு இத்தகைய கருவிகளை விற்கக் கூடாது, பாதுகாப்புப் புதுப்பிப்பு எவ்வளவு காலம் தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே நடப்பில் இருக்கிறது. நீங்கள் எங்கே இருந்தாலும் வாங்கும்போது அந்த இரண்டையும் கேளுங்கள். பதில் இல்லாத நிறுவனத்தின் கேமராவைக் குழந்தையின் அறையில் வைக்க வேண்டாம்.

என்னிடம் யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால், ஒரே வீட்டுக்குள் கேட்பதற்கென்றால் இணையம் இல்லாத ஒலி மானிட்டர் என்றுதான் சொல்கிறேன். வாங்கிய அன்றே பிடுங்கிப் பாருங்கள் என்றும் சொல்கிறேன். பிடுங்கிய பிறகும் சும்மா இருக்கும் மானிட்டரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “படம் காட்டுதுன்னு அறைக்குப் போறதை நிறுத்திடாதேடா” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து இரவில் ஒரு தடவையாவது எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். விளக்கு பச்சையாக இருந்தாலும்.

பாப்பாவுக்கு இப்போது ஒன்றரை வயது. மாதத்தின் முதல் நாள் இரவு, அவள் தூங்கிய பிறகு, பூனை மாதிரி உள்ளே போய் அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்குகிறேன். இருட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே எண்ணுகிறேன். பதினாறு, பதினேழு. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் அறையில் அது கத்துவது மெல்லிதாகக் கேட்கிறது. மறுபடி செருகிவிட்டு வந்து படுக்கிறேன். மனைவி கண்ணைத் திறக்காமலேயே சொல்வாள், “கத்திருச்சுங்க.”